நாட்குறிப்பில் இல்லாத திகதி

2024 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. என் மனைவி றெஜினாவின் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பஸ்ஸில் வடலண்டன் எட்மண்டனில் உள்ள வீட்டுக்குத் திரும்பினோம். பதினாறு வயது முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்று திகதியை எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்கும்: நாங்கள் இருவரும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. என் முதல் திருமணம் 1990இல் மன்னாரில் ஆலயத்தில் நடந்தது. லண்டனுக்கு வந்த பின் அது முறிந்து, இங்குள்ள கவுண்டி கோர்ட் ஒன்றில் விவாகரத்தானது. 2003இல் றெஜினாவைப் பதிவுத் திருமணம் செய்தேன். முதல் திருமணம் திருச்சபையின் கண்ணில் நிற்கும்வரை இரண்டாவதற்கு இடமில்லை, நற்கருணையும் இல்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் வரிசை எழும்பும்போது முழங்கால்களைப் பக்கவாட்டில் திருப்பி மற்றவர்களுக்கு வழிவிட்டோம். அதற்கு முன் மணமாகாத றெஜினாவும் என் பொருட்டு அப்படி இருந்தாள்.

சத்திரசிகிச்சைக்கு முன் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலோடு நற்கருணையும் தரலாம் என்றார்.

"சாகப்போறன் எண்டதுக்காகத் தர வேண்டாம், ஃபாதர்," என்றாள் றெஜினா. "இருக்கிறதுக்குத் தாங்கோ. எல்லாரையும் போல வரிசையில நிண்டு வாங்கோணும்."

அதற்கு ஒரு வழிதான் உண்டு. முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று அறிவிக்கும்படி மறைமாவட்டத்தின் திருச்சபைத் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்டது அரச விவாகரத்தின் இறுதித் தீர்ப்பை. என் பிரதி, வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தபோது கூழாகிப்போன பெட்டியில் இருந்தது. எந்தக் கோர்ட், எந்தத் திகதி என்று பார்க்க நாட்குறிப்பைத் திறந்தேன். 1996 ஓகஸ்டிலிருந்து பதினான்கு மாதம் வெறும் தாள். மழை பெய்ததையும் ரயில் பிந்தியதையும் எழுதுகிறவன், வெட்கத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். தீர்ப்பு கையில் இருந்த காலத்தில்கூட நான் அதை வாசித்ததில்லை. 2003இல் திருமணப் பதிவாளரிடம் மடித்தபடி கொடுத்தேன், மடித்தபடி வாங்கினேன்.

முதல் மனைவியோடு அப்போது நான் குடியிருந்த பகுதியின் கவுண்டி கோர்ட்டுக்கு எழுதினேன். இப்போது அங்கே குடும்ப வழக்குகள் இல்லை, பழைய தீர்ப்புகளைக் குடும்ப நீதிமன்றத்தில்தான் தேட வேண்டும் என்று பதில் வந்தது. வழக்கு எண் தெரியாவிட்டால் நாடு முழுவதற்குமான பெயர்ப் பட்டியலில் பத்துப் பத்து ஆண்டாகத் தேடுவார்கள். ஆண்டு சரியாகத் தெரியாதது பெரிய தடையல்ல. பெயர் சரியாக இருக்க வேண்டும்.

என் பெயர் அருளானந்தம். தகப்பனார் சூசைப்பிள்ளை. இந்த நாட்டில் இரண்டில் ஒன்றைக் குடும்பப் பெயராக்கச் சொன்னபோது என் பெயரையே கொடுத்திருந்தேன். அந்தப் பெயரில் தேடினார்கள். பதிவு எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. தகப்பனார் பெயரில் தேடச் சொன்னேன். இல்லை. அருளானந்தத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன்.

காத்திருந்த நாட்களில் கோடி அற்புதர் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டேன். ஏப்ரல் 2 முதல் செவ்வாய். காணாமற்போனதைத் தேடித் தருபவர் அவர் என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். என் மன்றாட்டில் இரண்டு வேண்டுதல்கள் இருந்தன. அந்தத் தாள் கிடைக்க வேண்டும். முதல் மனைவி எமல்டாவிடம் நான் கேட்க நேரக்கூடாது. அவர் லண்டனிலேயே, ஹரோவில் இருப்பது தெரியும். இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு சொல் பேசியதில்லை.

"அவவைக் கேளுங்கோவன்," என்று றெஜினா பலமுறை சொன்னாள்.

"அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

"அந்தோனியாருக்கு உங்களை விட்டா வேற வேலை இல்லையோ?"

மே 28, ஒன்பதாம் செவ்வாய். பூசை முடிந்து வந்தபோது கதவடியில் கடிதம் கிடந்தது. இந்தப் பெயர்களில் எதிலும் பதிவு இல்லை. சிகிச்சையில் முடி உதிர்ந்த தலையில் துணி கட்டியபடி றெஜினா கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் செபம் முடிந்துவிட்டது, பதில் இல்லை என்று நினைத்தேன். பிறகு எமல்டாவின் தம்பியிடம் தொலைபேசி இலக்கம் கேட்டு வாங்கி அழைத்தேன்.

"எமல்டா, நான் அருளானந்தம் கதைக்கிறன்."

"ஓம். சொல்லுங்கோ."

சொன்னேன். றெஜினாவின் நோயையும் சொன்னேன். கடைசியில் அவர் சிரித்தார்.

"தும்மினாலும் திகதி எழுதுற மனுசன். இந்தத் திகதியை விட்டிட்டியளோ?"

"விவாகரத்துக்கு வழக்குப் போட்டது நீர்தானே. என்ர பேரை எப்பிடிக் குடுத்தனீர்?"

"கலியாணச் சேட்டிபிக்கற்றில இருந்ததைத்தான் குடுத்தன். மன்னார்ச் சுவாமியார் உங்கட ஞானஸ்நானப் பேரைக் கடைசியில எழுதியிருந்தாரே. அந்தோனி எண்டு."

அறுபது வயதுக்கு மேலாகியும் என்னை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அந்தத் திருமணத்தாளிலும் மட்டுமே அது இருந்தது. எல்லாப் பெயர்களிலும் தேடச் சொல்லிவிட்டு, ஒன்பது செவ்வாய் யாரைக் கூப்பிட்டேனோ அவருடைய பெயரை மட்டும் விட்டிருந்தேன்.

"இன்னொண்டு," என்றார் எமல்டா. "தீர்ப்பாயம் என்னையும் கேக்கும்தானே? நான் உண்மையைச் சொல்லுவன். ரெண்டு வீடும் சேர்ந்து பத்து நாளில முடிச்ச கலியாணம். ஆரும் உங்களையும் கேக்கேல்லை, என்னையும் கேக்கேல்லை. றெஜினாவுக்குச் சொல்லுங்கோ, நானும் செபிக்கிறன் எண்டு."

யூலை 5, வெள்ளிக்கிழமை, முத்திரையிட்ட பிரதி தபாலில் வந்தது. குடும்பப் பெயர் அந்தோனி. தீர்ப்பின் திகதி 1997 மார்ச் 3. அது ஏதாவது திருநாளா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, சாதாரணத் திங்கட்கிழமை. இந்த முறை முழுவதும் வாசித்தேன். நாட்குறிப்பின் வெறும் தாளில் அந்தத் திகதியை எழுதினேன்.

இதை அற்புதம் என்று நான் சொல்லவில்லை. திகதிகளை ஒழுங்காக வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். நான் கேட்ட இரண்டில் ஒன்றை ஆண்டவர் மறுத்தார். மறுத்ததால்தான் மற்றது கிடைத்தது. தாள் முதல் கடிதத்திலேயே வந்திருந்தால் எமல்டாவை அழைத்திருக்க மாட்டேன். அவருடைய சாட்சியம் இல்லாமல் அந்த விண்ணப்பம் நின்றிருக்காது என்று தீர்ப்பாயத்தில் இருந்த குருவானவரே பின்னர் சொன்னார். ஆகவே, உங்கள் மன்றாட்டுக்கு இல்லை என்று பதில் வந்தால் கடிதத்தை மூடிவைக்காதீர்கள். எந்தக் கதவைத் தட்டக்கூடாது என்று அவரிடமே நிபந்தனை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கதவையும் அவரிடம் விடுங்கள்.

றெஜினாவின் சிகிச்சை முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறாள். முதல் திருமணம் செல்லாதது என்ற முடிவு 2025 செப்டெம்பரில் வந்தது. ஒக்டோபர் 25, சனிக்கிழமை, ஆலயத்தில் இரண்டு சாட்சிகள் முன் எங்கள் திருமணம் நடந்தது. மறுநாள் காலை பூசைக்குப் போனால் கோவில் பூட்டியிருந்தது. கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும் ஞாயிறு அது. திகதி எழுதுகிற நான் அதை மறந்துபோனேன்.

"வீட்டை போயிட்டு வருவமோ?" என்றேன்.

"இருபத்திரண்டு வருசம் இருந்தாச்சு," என்று றெஜினா படியில் உட்கார்ந்தாள். "ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாதே?"

பிறகு கதவு திறந்தது. நற்கருணை நேரத்தில் எங்கள் வரிசை எழும்பியது. பழக்கத்தில் நான் முழங்காலைத் திருப்பினேன். றெஜினா என் தோளில் தட்டினாள். "எழும்புங்கோ, அந்தோனி."