நசரத்பேட்டைக்கு வழி சொன்னது

ஞாயிறு, காலை 7.05. சேக்காட்டில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வெயில் வரவில்லை; மழையும் இல்லை. ஆவடி பேருந்து நிலையம் வரை நடை, பதினெட்டு நிமிடம்.

டென்னிஸ் என்றதும் தொலைக்காட்சியில் தெரியும் புல்தரை நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கப் போகும் டென்னிஸுக்கு டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. பல நாள் ஆடுகிறவர்களே பந்தைப் பொறுக்கிக்கொள்வார்கள். அம்பத்தூர்க்காரன் தினேஷுக்கு வயது இருபத்தொன்பது. அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பதினோரு ஆண்டுகளாக அவன் ஆட்டங்களுக்குப் போய்வருகிறேன். திருச்சி, தாவணகெரே, இந்தூர் என்று பெரும்பாலும் முன்பதிவில்லாத பெட்டியில்தான்.

உலகத் தரவரிசையில் தினேஷிடம் இருந்தது ஒரே ஒரு புள்ளி. புள்ளிக்கு ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம். அடுத்த வாரம் அது கழிந்துவிடும். கழிந்தால் பட்டியலிலேயே அவன் பெயர் இருக்காது. பெயர் போனால் விளையாட்டை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தான். காப்பாற்ற நசரத்பேட்டையில் நடக்கும் இந்த ஒரு போட்டிதான் மிச்சம். அதிலும் தகுதிச் சுற்றில் நேரடி இடம் கிடைக்கவில்லை. முதல் காத்திருப்பு ஆட்டக்காரனாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலணி கட்டித் தயாராக நிற்க வேண்டும். அழைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் யாராவது வராவிட்டால் அந்த இடம் அவனுக்கு.

7.58. பூந்தமல்லி. பேருந்துக் கட்டணம் பதினைந்து ரூபாய். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஆறு மட்டை கொள்ளும் பையைச் சுமந்துகொண்டு ஓர் இளைஞர் திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார். குவாஹாட்டிக்காரராம். பெயர் பிரஞ்சல். திருவேற்காட்டில் கோயிலுக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறார். பதிவு செய்த கார் இரண்டு முறை ரத்தாகி, வேன் பிடித்து இதுவரை வந்துவிட்டார், இதற்குமேல் போட்டி மைதானத்துக்கு வழி தெரியவில்லை. இந்தப் பையோடு இவ்வளவு தூரம் வரும் ஆட்களை எனக்குப் பிடிக்கும். "நானும் அங்கேதான், கூட வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோ நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

"இன்னா சார் இது, பீரங்கி கணக்கா கீது?" என்றார் ஓட்டுநர். "ரெண்டாள் எடத்த புடிச்சிகிச்சு. இதுக்கும் இருபது ரூபா குடுக்க சொல்லு."

"ஏம்ப்பா, அது இன்னா இட்லி துண்ணுதா, டிக்கெட் வாங்க?" என்றார் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா. "மடியில வெச்சிக்கோ தம்பி."

பிரஞ்சலுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நசரத்பேட்டையில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். மைதானம் இன்னும் இரண்டு கிலோமீட்டர் உள்ளே. கூடுதலாக நாற்பது ரூபாய்க்கு ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்.

8.31. தினேஷிடமிருந்து செய்தி: "அண்ணா, 8.30 ஆட்டத்துக்குக் கூப்ட்டாங்க. பிரஞ்சல்னு ஒருத்தர் வர்ல. 8.45 வரைக்கும் டைம். வர்லன்னா நான்தான்."

படித்தேன். பக்கத்தில் பிரஞ்சல் கண்ணை மூடிக்கொண்டு மட்டையின் பிடியில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் ஆட வருகிறவர் என்று தெரியும். இவர் போய்ச் சேர்ந்தால் யார் இடம் பறிபோகும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

ஏரிக்கரையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் கிடங்குகளைச் சுற்றி நெடுஞ்சாலைக்கே திரும்பும். பத்து நிமிடமாவது போய்விடும். வலப்பக்கம் மைதானம்.

"லெஃப்டா ரைட்டா சார்?" என்று ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

நான் தினேஷின் செய்தியை மறுபடி படித்தேன்.

"சார், உன்னத்தான். தூங்கிட்டியா?"

பிரஞ்சல் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"ரைட்" என்றேன்.

8.42. நான் முதலில் இறங்கினேன். போட்டி அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் தொப்பியும் மட்டையுமாகத் தினேஷ் நின்றிருந்தான். பிரஞ்சல் என்னைத் தாண்டி ஓடினார். அதிகாரி அம்மையார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் ஆடுகளத்தைக் காட்டினார்.

"இவரு உங்ககூடவா வந்தாரு?" என்றான் தினேஷ்.

"ஆமா. பூந்தமல்லியில வழி தெரியாம நின்னாரு."

தொப்பியைக் கழற்றினான்.

ஆட்டம் ஐம்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. பிரஞ்சல் 1-6, 0-6 என்று தோற்றார். உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவே அவருக்கு நேரம் இருக்கவில்லை. தினேஷ் கடைசிப் பந்து வரை பார்த்தான். "ஜெயிச்சானே, அவன நான் ரெண்டு வாட்டி அடிச்சிக்கீறேன்" என்று மட்டும் சொன்னான். பிரஞ்சல் வந்து எனக்குக் கைகொடுத்தார். பிறகு, யாரென்று தெரியாமலே, தினேஷுக்கும். பூந்தமல்லிக்குப் போகும் ஒரு காரில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

10.40. மற்ற ஆட்டங்களுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். தினேஷ் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டான். மட்டைப் பை எங்கள் இருவருக்கும் நடுவில். கரையான்சாவடி தாண்டினோம். பிறகு நான் ஆரம்பித்தேன்.

"உன் மெசேஜ பார்த்துட்டேன் தினேஷ். அவர்தான் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். தெரிஞ்சுதான் வழி சொன்னேன்."

"பாத்துட்டீங்கன்னு தெரியும்ணா. டிக்கு நீலமாச்சே."

ஒரு தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

"எப்பவும் பாத்த ஒடனே பதில் போடுவீங்க. இன்னிக்கு வர்ல. லாரி கீரி இடிச்சிடுச்சோன்னு பயந்துட்டேன். டைம்மே பாக்கலண்ணா, வாசல் கேட்டத்தான் பாத்துகினு இருந்தேன். ஆட்டோலேர்ந்து நீங்க எறங்கினப்பறம்தான் மூச்சே வந்துச்சு. அதுக்கப்பறம்தான் பின்னாடியே அவரு எறங்கினாரு."



11.20. சேக்காடு. இறங்கும்போது அடுத்த போட்டி எந்த ஊரில் என்று கேட்பது என் வழக்கம். கேட்கவில்லை. அவனும் எஞ்சினை அணைக்காமலே ஒரு காலை ஊன்றி, நான் இறங்கியதும் திருப்பிக்கொண்டான்.

இந்தூரில் அவன் தோற்றபோது திரும்பிவர ஒன்றரை நாள் ரயில் இருந்தது. சென்ட்ரல் வருவதற்குள் வருத்தம் பாதியாகியிருந்தது. நசரத்பேட்டையிலிருந்து என் வீடு பதினான்கு கிலோமீட்டர்தான்.