மலையில் இரண்டு ரக்அத்

ராத்தா என்று நான் கூப்பிடும் என் மூத்த அக்காவின் புருஷன் சாய்ந்தமருதில் தோணி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு வாடைக்காலத்தின் கடைசியில், தனியாகக் கடலுக்குப் போன மச்சான் பாய்மரம் முறிந்து மூன்று நாள் அலைந்தார். மூன்றாம் நாள் விடிந்தபோது மேற்கே ஒரு மலையின் நுனி நீலமாகத் தெரிந்திருக்கிறது. கரை மறைந்த தூரத்திலும் எங்கள் கடற்காரர் அந்த மலையை வைத்துத்தான் தாங்கள் நிற்கும் இடத்தை அறிவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத் துடுப்பு வலித்து வந்து சேர்ந்தார். கரையேறியதும் எல்லோர் முன்னாலும் ஒரு நேர்ச்சை வைத்தார். அந்த மலையில் ஏறி இரண்டு ரக்அத் தொழுவாராம், அதுவரை தோணியில் கால் வைக்க மாட்டாராம்.

மாசி பிறந்து கடல் அடங்கியது. ஊர்த் தோணிகள் எல்லாம் இறங்கிவிட்டன, மச்சானுடையது மட்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தது. போகணும், போகணும் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார். ராத்தா மருதமுனைக்கு வந்து, என் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதி நெய்த சாரனைத் தறியிலேயே விட்டுவிட்டுப் போய், நாளைக்கே வெளிக்கிடுங்க, நானும் வாறன் என்று மச்சானிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நேர்ச்சை என்பது பயத்தை மூடுகிற போர்வை என்றே அன்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸிலும் லொறியிலும் போய், மலையடியில் கடைசிக் கிராமத்தில் இறங்கினோம். அங்கே தேன் எடுக்கிற ஒரு சிங்கள மனிதர் வழிகாட்ட ஒத்துக்கொண்டார். அரிசி, கருவாடு, ஒரு சட்டி, இரண்டு பாய், இவ்வளவுதான் எங்கள் மூட்டை. காட்டுக்குள் நுழைந்து அரை மணிக்குள் வெயில் போய்விட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன், மரத்தின் முடிவு தெரியவில்லை. தென்னைக்கு மேல் உயர்ந்த எதையும் பார்த்திராத கண்ணுக்கு அது தாங்கவில்லை. நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். அவற்றுக்கு நடுவே நாங்கள் பேசியபோது எங்கள் குரல் எங்களுக்கே சின்னதாகக் கேட்டது. அட்டை கடித்து இரத்தம் வடிந்தது, அதைக்கூடக் கொஞ்ச நேரம் நான் கவனிக்கவில்லை.

பின்னேரம் உச்சிக்குக் கீழே ஒரு பாறைத் தட்டை அடைந்தோம். தேன்காரர்கள் தங்கும் இடம் அது. மேலே பாறை கூரையாக நீண்டிருக்க, கீழே மூன்று கல் அடுப்பும் பழைய சாம்பலும் இருந்தன. பக்கத்தில் ஒரு சிறு ஊற்று. வழிகாட்டி விறகு பொறுக்கித் தந்துவிட்டு, தன் கூட்டாளிகளின் குடிலில் படுத்து விடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனார்.

அதற்குள் மூடுபனி ஏறிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. மச்சான் ஊற்றில் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து வந்து, பாயை விரிக்கப் போய், அப்படியே நின்றார். தொழ நிற்கும் திசை, கிப்லா, எந்தப் பக்கம்? எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் கேட்க வேண்டியிராத கேள்வி. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கஃபா முன்னால், அவ்வளவுதான். வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சூரியன் சாயும் பக்கத்தைக் கேட்போம் என்றேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"கடல்ல கிடந்தவனுக்குத் திசை காட்ட ஆள் வேணுமா?" என்றவர், காதைக் கொடுத்துக் கேட்டார். "அந்தா, இரையுது. கடல் அங்கால."

எனக்கும் கேட்டது. மலைக்கு அந்தப் புறமிருந்து ஓயாத ஒரு இரைச்சல். கடல் எங்கே, நாங்கள் எங்கே என்று மனதில் பட்டாலும், கடல் விஷயத்தில் நெசவுக்காரன் வாய் திறக்கக் கூடாது என்று அடங்கிவிட்டேன். அவர் அந்த இரைச்சலுக்கு முதுகைக் காட்டி நின்று, நேர்ச்சைத் தொழுகையைத் தொழுதார். நெற்றியைப் பாயில் வைத்து சுஜூதில் நெடுநேரம் கிடந்தார். எழுந்தபோது தாடி நனைந்திருந்தது. ஒரு பாரம் இறங்கிய முகம். கஞ்சி குடிக்கையில் தோணிக்குப் புது மரம் போடுவது பற்றிக்கூடக் கதைத்தார். ராத்தாவை நினைத்து நான் நிம்மதியாகப் படுத்தேன்.

விடியற்காலைத் தொழுகையான சுபஹையும் அதே பக்கம் பார்த்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்து முடித்துத் திரும்பியபோது மச்சானின் நெற்றியில் வெளிச்சம் விழுந்திருந்தது. நேர் எதிரே மூடுபனி சிவந்துகொண்டிருந்தது. எங்கள் முகத்துக்கு நேராகச் சூரியன் வந்தது.

மூடுபனி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முதலில் காட்டின் தலை தெரிந்தது, முடிவில்லாத காடு. பிறகு தகடு தகடாகக் குளங்கள், வயல்வெளி, வெள்ளைக் கோடாக மணல். அதற்கப்பால் கடல். வடக்கே பெரியநீலாவணைக்கும் தெற்கே திருக்கோவிலுக்கும் அப்பால், கண் போகிற இடமெல்லாம் கடல். வானத்தில் பாதி அதுவாக இருந்தது. பிறந்ததிலிருந்து அதன் ஓரத்தில் குடியிருந்தவன் நான், ஆனால் அன்றுதான் அதைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இரைந்தது ஏதோ அருவி.

நேர்ச்சை பிழையாகிவிட்டதே என்று மச்சான் இடிந்துபோவார் என நினைத்தேன். தெரியாமல் செய்ததை அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. பாறையின் விளிம்பில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தோணிகூட அதில் தெரியவில்லை. இருந்தாலும் இவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும்?

கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"மச்சான், நான் இந்த மலையக் கண்டு வந்து சேர்ந்தன் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னன். இத்தாம் பெரிய கடலுக்குள்ள, என்னய ஒருத்தன அல்லாஹ் எப்பிடிக் கண்டான்?"

இந்த மனிதரைத்தானே பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன் என வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து பாயைத் திருப்பிப் போட்டார். கடல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருக்க, மறுபடியும் தொழத் தக்பீர் கட்டினார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். எனக்கு எந்த நேர்ச்சையும் இருக்கவில்லை.