மழைக்குப் பாஸ் மார்க் முப்பத்தைந்து

எங்கள் வீட்டில் மழைக்குப் பாஸ் மார்க் முப்பத்தைந்து. மழைக்கு வாய்ப்பு நாற்பது சதவீதம் என்று போனில் வந்தால் மழை பாஸ். மாடிக்குத் துணி போகாது, கைப்பைக்குள் குடை போய்விடும். முப்பது என்று வந்தால் மழை பெயில். வானம் கறுத்துக்கொண்டு நின்றாலும் என் மனைவி குடையைத் தொடமாட்டாள். உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகச் சமூக அறிவியல் பேப்பர் திருத்துகிறவள் அவள். சதவீதம் என்று எங்கே பார்த்தாலும் மார்க் போட்டுவிடுவாள்.

நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சதவீதத்தோடு யாராவது இப்படி விளையாடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் காலை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே அவளை நிறுத்திப் பாடம் நடத்தினேன். நாற்பது சதவீதம் என்றால் மழை எழுதிய பரீட்சையின் மார்க் இல்லை; இன்றைக்கு மாதிரி பத்து நாள் வந்தால் அதில் நாலு நாள் பெய்யும், ஆறு நாள் பெய்யாது, அவ்வளவுதான் என்றேன். அவள் இடது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். வலது காது ஜவ்வில் ஓட்டை. அந்தப் பக்கம் நின்று சொன்னால் எதுவும் போய்ச் சேராது.

"அந்த நாலு நாள்ல இன்னைக்கு ஒண்ணா, இல்லையா? அதச் சொல்லுங்க" என்றாள்.

அது யாருக்குமே தெரியாது என்றேன். அதற்கா இத்தனை நேரம் பேசினீர்கள் என்று கேட்டுவிட்டு, குடையோடு பஸ் ஏறப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் உறையூரில் கொட்டித் தீர்த்ததாம். காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அவள் குடையை உதறி என் எதிரிலேயே விரித்துக் காயவைத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

காதுதான் அவளைப் படுத்தியது. வலப்பக்க பெஞ்சுப் பிள்ளைகள் கேட்பது விழாமல் போகப் போக, வேலையை விட்டுவிடலாமா என்று பேச ஆரம்பித்தாள். வகுப்பை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. ஒருவழியாக டாக்டரிடம் போனோம். ஆபரேஷன் செய்யலாம், கேட்கும் சக்தி நன்றாகத் திரும்ப அறுபது சதவீதம் வாய்ப்பு என்றார் அவர்.

எனக்கு மிச்ச நாற்பதுதான் கண்முன் நின்றது. பத்துப் பேருக்குச் செய்தால் ஆறு பேருக்குப் பலன் தெரியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"அந்த ஆறு பேர்ல இவ ஒருத்தியா சார்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. டாக்டர் சிரித்தார். அவள் பக்கம் திரும்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க. தேதி கேளுங்க" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் அவள் கணக்கை அன்று நான் திருத்தவில்லை.

ஆபரேஷன் முடிந்து, காதில் வைத்திருந்த பஞ்சையும் எடுத்துவிட்டார்கள். பலன் போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். கேட்கிறதா என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம், கேட்கிற மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது என்பாள். அப்புறம் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனில் மழைக்கு இருபது. பெயில் என்று சொல்லி, துவைத்ததை எல்லாம் மாடியில் போட்டுவிட்டு வந்தாள். சாப்பிட்டு முடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். நல்ல காது தலையணையில் புதைந்திருந்தது. முன்பெல்லாம் அப்படிப் படுத்தாளானால் பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் அசையமாட்டாள். நான் அந்த அறையிலேயே டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மழை வருது" என்றாள், கண்ணை மூடியபடியே.

இருபதுதானே என்று போனைக் காட்டப் போனேன். சந்தேகம் வந்து டிவி சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் இரண்டு நல்ல காதுக்கும் அதுவரை அது எட்டவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"கேக்குதே" என்றாள்.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் டிவியை அணைத்தேன். தூறல் வலுத்தது. மாடியில் துணியெல்லாம் தொப்பலாக நனைந்தது. எடுக்க இரண்டு பேருமே எழுந்து போகவில்லை.