மூடியை அறுத்து ஓட்டிய சர்வர்

தேவாரத்திலிருந்து மலையடி வரைக்கும் எந்த வீட்டில் டிவி ஓடினாலும் அது என் கேபிள் வழியாகத்தான் ஓடும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்தில் ஏறியபோது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், இன்று தங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு என் லோக்கல் சேனலில் விளம்பரம் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்?

ஒரு கோடை இடியில் என் சேனலை ஓட்டிய சர்வர் கருகிப்போனது. அதற்குள் இருந்த வீடியோ கார்டு மட்டும் பிழைத்தது. நாலு கேமராவின் படத்தையும் வாங்கிச் சேனலுக்குத் தள்ளுவது அந்தக் கார்டுதான். உடனே மதுரைக்குப் போய்ப் புது சர்வர் வாங்கி வந்தேன். வேகத்தைக் கேட்டேன், விலையை அடித்துக் குறைத்தேன். கார்டைச் செருகும் ஸ்லாட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் மலையடி ஊரில் கபடி இறுதி ஆட்டம். எங்கள் ஊர்களின் அணிக்கும் கடமலைக்குண்டு அணிக்கும் மோதல். நேரலை தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்த என் மகள்தான் மெஷினைத் திறந்தாள். நான் படிக்க வைத்த பிள்ளை. கார்டை வைத்துப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, இது உக்காராது. நம்ம கார்டு பழைய பிசிஐ. இதுல இருக்கதெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ். பல்லு வேற, வாயி வேற."

"கொஞ்சம் அமுக்கிப் பாரு ஆத்தா."

"அமுக்குனா ரெண்டும் போயிரும்."

புதுக் கார்டு சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். அதற்குள் சேதி ஊருக்குப் போய்விட்டது. கபடிக் கமிட்டித் தலைவர் போனில் வந்தார்.

"அண்ணே, லைவ் வரலேன்னா ஊரே தேனிக்காரர்ட்ட மாறிக்கிரும். பெறகு வருத்தப்படாதீக."

தேனிக்காரர் என் போட்டியாளர். அவரும் சும்மா இருக்கவில்லை. "என்னண்ணே, நாளைக்கு கபடிய ரேடியோவுல கேக்கணுமாம்ல?" என்று டீக்கடையில் என் காதில் விழும்படியே கேட்டார்.

மகள் மதுரைக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டாள். பழைய கார்டைப் புது ஸ்லாட்டோடு சேர்க்கும் சின்னப் பலகை ஒரு கடையில் கிடைத்தது. மறுநாள் காலை பஸ் கண்டக்டர் கையில் பத்திரமாக வந்து இறங்கியது. பொருத்தினோம், கார்டு பேசியது. ஆனால் பலகையின் மேல் ஏறி நின்ற கார்டு சர்வர் மூடிக்கு மேலே தலை நீட்டியது. மூடியைக் கழற்றி வைத்தாலோ மெஷின் தானாக அணைந்துகொண்டது.

"மூடிய அறுத்துருவோம்" என்றேன்.

"அப்பா! வாரண்டி போயிரும்!"

"வாரண்டியா வந்து ஊருக்குக் கபடி காட்டும்?"

மூடியைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். "ஏன் மாமா, புதுசாட்டம் இருக்கே, இதையா அறுக்கச் சொல்றீக?" என்று பட்டறைக்காரர் இரண்டு முறை கேட்டார். கார்டு தலை நீட்டும் அளவுக்கு அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார். மூடியை மாட்டினோம். மெஷின் அணையவில்லை. உள்ளே சூடு தங்காமலிருக்க வீட்டிலிருந்த டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன்.

ஆட்டம் தொடங்க விசில் ஊதியபோது நாலு கேமராவும் பளிச்சென்று வந்தன. முதல் பாதி முடியும் நேரம் போன் அடித்தது. கமிட்டித் தலைவர் வீட்டு எண். படம் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவருடைய வீட்டம்மா.

"அண்ணே, எங்க பய ரெய்டு போறான். கேமராவக் கிட்டக்கக் கொண்டு போகச் சொல்லுங்க, மூஞ்சியே தெரியல!"

சிரித்துக்கொண்டே மகளிடம் சொன்னேன். அவள் கேமராக்காரருக்குச் சொல்ல, பையன் முகம் திரை நிறைய வந்தது. போனில் அந்தம்மா போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

ஊரில் ஒரு வீடுகூட என்னை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே தேனிக்காரரின் கனெக்‌ஷன் இருந்த இரண்டு தெருக்கள் என்னிடம் வந்தன. அங்கே கேபிள் இழுக்கக் கம்பத்தில் ஆளை ஏற்றியிருக்கலாம். நானே ஏறி இழுத்தேன்.