மறுபடி வந்த ஹவுஸ் ஓனர்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பார்த்துச் சிரித்த டிவி நாடகம் மறுபடி வரப்போகிறது என்று மகள் கோயமுத்தூரிலிருந்து போன் செய்து சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்துப் பார்த்தே காலம் போய்விட்டது. பிழை திருத்தி மறுபடி வருகிற பீஸை முதல் தடவையைவிடக் கவனமாகப் பார்ப்பேன். ஓரிடத்தைச் சரிசெய்யும்போது இன்னோரிடத்தை இழுத்துவிட்டிருப்பார்கள். அதனால் "அதே வீடு, அதே சிரிப்பு" என்று விளம்பரம் போட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதே சிரிப்பு எப்படி வரும்? ஹவுஸ் ஓனராக நடித்தவர்தான் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டனவே.

நாடகம் பெரிய கதையெல்லாம் இல்லை. மாடியில் ஹவுஸ் ஓனர், கீழே வாடகைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒவ்வொரு வாரமும் ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று கோபமாகப் படியிறங்கி வருவார். அந்தப் பெண்டாட்டியின் பேச்சில் மாட்டிக்கொண்டு, கடைசியில் காபி குடித்துவிட்டு மேலே போவார். அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே சுவர். தேனிக்காரர்களும் மதுரைக்காரர்களும் எங்களோடு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வீட்டிலும் அந்த நாடகம்தான் ஓடும். டிவிக்குள் இருந்து வரும் சிரிப்பும் லைன் முழுக்க எழும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே என் கணவரின் சிரிப்பு கேட்கும். அவர் நிட்டிங் கம்பெனியில் மிஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு எல்லாமே உரக்கத்தான் வரும்.

பின்னாளில் அந்த நாடகம் யூடியூபில் வந்தபோது அதையும் விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் போட்டுவிடுவார். ஹவுஸ் ஓனர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார்.

புது நாடகம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவள்தான் டிவியில் அதை எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். மாடிக்கு இப்போது ஹவுஸ் ஓனரின் மகன் வந்திருந்தான். அப்பா மாதிரியே புருவத்தைத் தூக்கினான், அப்பா மாதிரியே படியிறங்கினான். பழைய பெண்டாட்டியாக அதே நடிகைதான், தலைக்கு நன்றாகச் சாயம் போட்டிருந்தார். பின்னால் வருமே அந்தச் சிரிப்புச் சத்தம், அதை எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் யாரும் அப்படிப் போடுவதில்லை என்றாள் மகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. என் கணவர் பக்கம் திரும்பினேன். அவரும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அது போதும் எனக்கு. அந்த நாடகத்துக்கு இவரைவிடப் பெரிய ரசிகர் யார்? அவருக்கே பிடிக்கவில்லை என்றால் நாடகம் தேறாது என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் மகள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். ஆனால் டிவியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மகள் வந்திருக்கிற சந்தோஷம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மகள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்தோம். இவர் அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் லேசாகச் சிரித்தால் அவரும் சிரித்தார். எனக்கு என்னவோ போலிருந்தது. "ஏனுங்க, அந்தப் பையன் இப்ப என்னங்க சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஆமாமா, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

எனக்கு அவர் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. கொஞ்ச காலமாகப் போன் வந்தால் எடுப்பதில்லை. என்னிடம் நீட்டுவார், இல்லாவிட்டால் மெசேஜ் போடும்படி அவர்களிடம் சொல்லச் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் வண்டியை எடுத்துவிடுவார். யாரிடமிருந்தோ எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் குளிக்கும்போது போனை எடுத்துக்கூடப் பார்த்தேன். கம்பெனி மெசேஜைத் தவிர ஒன்றுமில்லை. இப்போது அதெல்லாம் வேறு மாதிரி மனதுக்குள் ஓடத் தொடங்கியது.

அவர் டீ டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்த நேரத்தில் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்டது. திரையில் மகன்காரன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போய்விட்டது என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நான் வேண்டுமென்றே சிரித்தேன்.

அவரும் சிரித்தார்.

சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அரிசியைக் களைந்துகொண்டே யோசித்தேன். மறைக்கிறார் என்று நினைத்தது சரிதான். எதை மறைக்கிறார் என்பதில்தான் தப்பாகப் போயிருந்தேன்.

சாப்பாடு போடும்போது அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "உங்களுக்குக் காது கேக்கறதில்லீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "கேக்குது. முன்ன மாதிரி கேக்கறதில்ல" என்றார்.

"பழைய நாடகத்துக்கு மட்டும் எப்படிங்க வசனமெல்லாஞ் சொன்னீங்க?"

"பழசுக்குக் காது எதுக்குப் புள்ள? அத்தனையும் நெஞ்சுல கெடக்குது. இது புதுசு. இவனுக வாயத் தொறக்கறானுக, மூடறானுக. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

முன்பெல்லாம் பின்னால் வந்த சிரிப்புச் சத்தம் மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிடும் என்றும், எங்கே சிரிக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும் என்றும் சொன்னார். இப்போது அதுவும் இல்லாததால்தான் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிட்டருக்குக் காதுதான் பாதி வேல. ஊசி ஒடஞ்சா சத்தத்துலயே தெரியோணும். கம்பெனில தெரிஞ்சா மிஷின் பக்கம் உடுவாங்களா?" மிஷினில் கைவைத்து அதிர்வைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறாராம். கேட்டதும் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஓடுகிற மிஷினில் கைவைக்கிற மனுஷனைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளிடம் சொன்னோம். அவள்தான் கோயமுத்தூரில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, வருஷக்கணக்காக மிஷின் சத்தத்தில் நின்றதால் வந்தது, போன காது திரும்பாது, காது மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும் என்றார் டாக்டர். இவர் முதலில் முறைத்துக்கொண்டார். மகள் கெஞ்சினாள். "ஒரு வாரம் போட்டுப் பாருங்கப்பா. வேண்டான்னா கழட்டிருங்க."

காது மிஷின் வந்த அன்று வீட்டில் ஒரே புகார். ஃபேன் கத்துகிறதாம், பாத்திரத்தை நான் உடைக்கிறேனாம். முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி கோபப்படவில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிட்டு, ஓடுகிற மிஷினை விட்டு, நிறுத்தின மிஷினைப் பிரித்து மாட்டுகிற வேலைக்கு மாற்றினார். சம்பளம் குறையவில்லை. ஆனாலும் இவருக்கு அதில் மனக்குறைதான். முதலிபாளையத்தில் இருக்கிற அந்தக் கம்பெனிக்குப் போகும்போது முன்பு மாதிரி அவசரமாகக் கிளம்புவதில்லை.

புது நாடகத்தை முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார். நானும் கூட உட்கார்ந்தேன். இந்தத் தடவை நான் சிரிக்காத இடத்தில் அவர் சிரித்தார். நடிகை காபி டம்ளரை மகனிடம் நீட்டி, "உங்கப்பா இருந்தா ஆறிப்போச்சுன்னு திட்டிக்கிட்டே குடிச்சிருப்பாரு" என்று சொல்கிற இடம். எனக்கு அது சிரிப்பாகவே படவில்லை. அவரோ சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார். பையன் அப்பன் அளவுக்கு வரமாட்டான், அந்தம்மா மட்டும் அப்படியே இருக்கிறார்.

பிறகு மகள் வந்திருந்த ஒருநாள் பழசையும் போட்டோம். அங்கேதான் சண்டை வந்தது. ஹவுஸ் ஓனர் காபி குடித்துவிட்டு எழுந்து போகும்போது "நாளைக்கு வர்றேன்" என்று சொல்வதாக இவர் இத்தனை வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். காது மிஷினோடு கேட்டால் "நாளைக்கும் வர்றேன்" என்று வருகிறது. அந்த 'ம்'மில்தான் சிரிப்பே இருக்கிறது.

"இவனுக மாத்திப்போட்டானுக" என்றார்.

"இல்லீங்க, எப்பவுமே அப்படித்தாங்க சொல்வாரு" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் மகளும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறோம் என்கிற மாதிரி பார்த்தார்.

புதியது பழையதுக்கு ஈடா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆனால் முன்பு மாதிரி அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல் வாரம் நான் நாடகத்துக்கு மார்க் போட்டது அவர் முகத்தைப் பார்த்துத்தான், அந்த முகத்தில் வேறு விஷயம் இருந்திருக்கிறது. பழையதை நாங்கள் எந்த அளவுக்குக் கேட்டிருக்கிறோம் என்பதும் இப்போது எனக்கு நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் சேர்ந்து பார்க்கிறோம். அவர் சிரித்ததும் நான் டிவியை விட்டுவிட்டு அவர் காதைப் பார்க்கிறேன், மிஷின் மாட்டியிருக்கிறாரா என்று.