நோயாளியோடு கம்பெனி வாசலில்: முதலிபாளையம் முதல் கோவை வரை

ஊட்டி, குற்றாலம், கொல்லிமலை என்று நான் இங்கே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: "அண்ணா, குடும்பத்தோடு வெளிநாடு குடிபோகிறோம், என்னென்ன எடுத்துக்கொண்டு போவது?" பெட்டி, சட்டி, ஊறுகாய் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நான் ஒரு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த பயணங்களிலேயே தூரம் குறைந்தது இதுதான். அதிகம் பயந்ததும் இதில்தான்.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் இந்தியா வந்த புதிது. 'தாயகம் திரும்பியோர்' என்று எங்களுக்குப் பெயர். தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பம். தாயகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது இருபத்தொன்பது வயதில், கப்பல் மேல்தட்டிலிருந்து. அன்றைக்குக் கடலில் அடித்த அலைக்கு வாந்தி எடுக்காதவர்கள் இரண்டே பேர், கப்பல் கேப்டனும் நானும். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும், இங்கிலீஷில் அந்த மலையிலேயே துரைக்கு அடுத்த ஆள் நான்தான்.

திருப்பூர் வந்து ஒரே வருஷத்தில் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியே என் கையில். (பகுதி என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்.) அந்தத் தைரியத்தில் தங்கை பாக்கியத்தையும் அவள் புருஷன் சிவலிங்கத்தையும் வரவழைத்து, மச்சானுக்கும் அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அப்போது பாக்கியம் ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிள்ளை.

எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. அப்புறம் முகம். அப்புறம் விடாத தலைவலி. "கண்ணு முன்னால மின்மினி பறக்குது அண்ணே" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

இந்த இடத்தில், எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லாவிட்டால் நாங்கள் செய்தது உங்களுக்குப் புரியாது. அங்கே கர்ப்பிணி இருக்கிற லயத்துக்கு, அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டுக்கு, மிட்வைஃப் அம்மா தானே வருவார், காலை அழுத்திப் பார்ப்பார், திட்டுவார், போவார். மற்றபடி யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் விடிகாலை ஆள் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பார்ப்பார். பார்த்து, "மருந்துக்காரர்கிட்ட போ" என்று சொன்னால்தான் நோய். பெரிய நோய் என்றால் தோட்டத்து லாரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். தானாகப் போனால் அது திமிர். மூன்று தலைமுறையாக எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் இதுதான்.

ஆகவே மிட்வைஃப் அம்மா வருவார் என்று காத்திருந்தோம். ஒருநாள் போயிற்று, இரண்டுநாள் போயிற்று. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே மச்சான் எழுந்து நிற்பார். பால்காரர் வருவார், ஐஸ்காரர் வருவார். வாடகை வீட்டுக்காரம்மாவிடம் கேட்கலாமா என்று மச்சான் கேட்டதற்கு, "புது ஆள்னு காட்டிக்காதீங்க, வர்ற முறைக்கு வருவாங்க" என்றேன். நாலாம் நாள் காலையில் பாக்கியத்தால் கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. இனி காத்திருப்பது ஆபத்து, பெரட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று முடிவு செய்தோம்.

பெரட்டு என்றால் எது? ஆள் கூடுகிற இடம். திருப்பூரில் ஆள் கூடுகிற இடம் கம்பெனி வாசல்தான். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிப் பிடித்து நடத்திப் போய், எட்டு மணி ஷிப்டுக்கு முன்னால் கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் கட்டையில் உட்கார வைத்தோம். அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். வேலையாட்கள் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

முதலில் வந்தவர் சூப்பர்வைசர். "ஏனுங்க, அம்மணிய எதுக்குங்க கூட்டியாந்தீங்க? செக்கிங்குக்கு ஆள் சேத்தறதுங்களா?"

"இல்லீங்க, காட்ட வந்தோம்" என்றார் மச்சான்.

"என்னத்தைங்க?"

"சீக்கைங்க. முதலாளி பாக்கணும்."

அவர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். முதலாளி வருகிற புல்லட் சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டோம். அவர் கவுண்டர், ஐம்பது வயது இருக்கும். அந்த வருஷம் தொழிலாளர் தகராறு நிறைய. வாசலில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

"எந்த யூனியன்காரனப்பா உங்கள இங்க உக்கார வெச்சது?"

"யாருமில்லீங்க முதலாளி. இவளுக்கு உடம்புக்கு ஆகல. நீங்க பாத்துச் சொன்னீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றேன்.

"நான் என்னத்தப்பா பாக்கறது? நான் பனியன் தெக்கறவன்." எஞ்சினை நிறுத்தாமலே பேசியவர், பாக்கியத்தின் காலைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி அணைத்தார். "ஏங் கண்ணு, எத்தன மாசம்?"

"எட்டுங்க ஐயா."

"எட்டு மாசத்துப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம என்ற கம்பெனி வாசல்ல வெச்சுட்டு நிக்கறீங்களேப்பா. போங்கன்னு ஒருத்தன் சொல்லோணுமா?"

சொல்ல வேண்டும் என்றுதான் மூன்று தலைமுறையாக நினைத்திருந்தோம். மச்சானின் முகத்தைப் பார்த்தேன். நின்ற இடத்தில் திடீரென்று தரை இல்லாமல் போனவர் மாதிரி இருந்தார். இங்கே 'போகாதே' என்று தடுப்பவர் இல்லை, சரிதான். ஆனால் நாலு நாளாக எங்களுக்காக எவருமே வந்துகொண்டிருக்கவில்லை என்பதும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

வெட்டிய துணிக்கழிவு எடுக்க ரசாக் பாய் தன் மெட்டடோர் வேனோடு வந்திருந்தார். முதலாளி அவரைக் கூப்பிட்டு, "பாய், வேஸ்ட் அப்புறம் பாத்துக்கலாம், இவங்கள டவுனுக்குக் கொண்டுபோங்க" என்றார். பாய் மூட்டைகளைப் பிரித்து மெத்தை மாதிரி பரப்பினார். "படுத்துக்குங்க அம்மணி. எல்லாம் புதுத்துணிதானுங்க. பனியனாகறதுக்குத்தான் குடுத்து வெக்கல."

முதலிபாளையத்திலிருந்து திருப்பூர் பத்துப் பதினோரு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு ரூபாய்க்குள் போகலாம், ஆனால் நின்றுகொண்டு. பெரியாஸ்பத்திரியில் இன்னொரு தவறு செய்தோம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஓரமாகக் கைகட்டி நின்றோம். வரிசை எங்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. மதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தி, அவளும் பனியன் கம்பெனி ஆள்தான், தலைமுடியெல்லாம் பஞ்சு, பாக்கியத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேல் பாய்ந்தாள். "என்னய்யா, ரெண்டு ஆம்பளைக நிக்கிறீக, கல்யாணத்துக்கா வந்திருக்கீக? பந்தியில எல போட்டுக் கூப்பிடுவாகன்னு பாக்குறீகளா? போய் சீட்டு வாங்குய்யா." பிறகு நான் இங்கிலீஷில் போட்ட போட்டில் கம்பவுண்டர் வழிவிட்டார். அந்த அம்மாவின் முழங்கையும் கொஞ்சம் உதவியது.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிரஷர் முன்னூறு. மச்சான் இன்றைக்கும் இருநூறு என்றுதான் சொல்வார். அவருக்கு அப்போது காது அடைத்திருந்தது.

"தலைவலி எத்தனை நாளா?"

"நாலு நாளாச்சுங்க."

"நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மிட்வைஃப் அம்மா வருவாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோங்க" என்றார் மச்சான்.

"எந்த மிட்வைஃப்?"

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஊசி போட்டு, உடனே கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வழியில் வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது. வெளிச்சம் படக்கூடாது, குலுங்கக்கூடாது, சத்தம் கூடாது.

திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோவை ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். இப்போது ஒரு மணி நேரத்தில் போகிறீர்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் ஹார்ன் அடிக்காமல் போவது என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. ரசாக் பாய் சாதாரணமாகவே காக்கா குறுக்கே பறந்தாலும் ஹார்ன் அடிக்கிற ஆள். அன்றைக்கு ஹார்னிலிருந்து கையை எடுத்தார், கோவை வரைக்கும் வைக்கவில்லை. பின்பக்கம் கறுப்புத் துணித் துண்டுகளைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தோம். மச்சான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மாட்டுவண்டி, லாரி, சைக்கிள் எல்லாவற்றையும் கையாலேயே ஒதுக்கினேன். வாயாலும்தான்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல். "பாய், நீங்க ஹார்னே அடிச்சிருங்க. அண்ணன் போடுற சத்தத்துக்கு அது தேவலை."

பாய் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் பேசியதில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன். மச்சான் தலையை ஆட்டுவார். மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

திருமுருகன்பூண்டியில் ஒரு பஸ் டயர் வெடித்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் சிலை செதுக்குகிற பட்டறைகள். உளிச்சத்தம் ஒவ்வொன்றும் நேராக மண்டைக்குள் இறங்குகிறது. துணிக்குப் பின்னால் பாக்கியம் முனகினாள், கை வெட்டி இழுத்தது என்றார் மச்சான். இறங்கி ஓடினேன். பிள்ளையார் தும்பிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஐயா, வண்டியில ஒரு கர்ப்பிணி, சத்தம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "ஏப்பா, நிறுத்துங்க" என்றார். அடுத்த பட்டறைக்காரர் அதற்கடுத்தவருக்குச் சொன்னார். நூறு பேர் இருப்பார்கள். (சரி, இருபது பேர்.) தெரு முழுக்க உளி நின்றது. பஸ் நகர்கிற வரைக்கும், கல்தூசி உட்காருகிற சத்தம்கூடக் கேட்கும் போல அந்த ரோடு அமைதியாக இருந்தது. அப்படி ஒரு அமைதியை நான் எந்த மலைமேலும் கேட்டதில்லை.

கோவை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். உடனே ஆபரேஷன், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மச்சான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"யாரைப் பாக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"பெரியவங்க யாராச்சும் சொன்னா..."

"நீங்கதானே புருஷன்?"

"ஆமாங்க."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். எதற்கும் வாய் திறக்கிற நான் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். சாயங்காலம் பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. பாக்கியம் கண் விழிக்க அடுத்த நாள் மத்தியானம் ஆயிற்று. அதுவரை ரசாக் பாய் ஊருக்குத் திரும்பவில்லை. கழிவுத் துணி வண்டியிலேயே கிடந்தது.

புது நாட்டுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: வீடு பார்ப்பதற்கு முன்னால், அந்த ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யார் யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி எங்கே என்பது இரண்டாவது. வைத்தியம் பார்ப்பவர்கள் வருவார்களா, நாம் போக வேண்டுமா, கூப்பிடுவார்களா, நாமே முன்னால் போய் நிற்க வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. வேலையில் சேருகிற அன்றைக்கே நம்மூர் இ.எஸ்.ஐ. மாதிரி மருத்துவக் காப்பீடு உண்டா என்று முதலாளியிடம் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கர்ப்பிணிக்குக் கால் வீங்கித் தலை வலித்தால் நாலு நாள் அல்ல, நாலு மணி நேரம்கூடப் பார்க்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற நாளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு லீவு கேட்டு முதலாளியிடம் நிற்க வேண்டுமே என்று மச்சானும் நானும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். யார் பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று. அந்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மச்சான் அழ ஆரம்பித்துவிட்டார். மெயின் ரோட்டுக்கு ஓடினோம்.

பஸ் ஒன்று வந்து நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாக்கியம் இறங்கினாள். குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"எங்க போன?" என்று கத்தினேன்.

"ஊசி போட."

"யார்கிட்டச் சொல்லிட்டுப் போன?"

"கண்டக்டர்கிட்ட" என்றாள். "பெரியாஸ்பத்திரி வந்தா எறக்கிவிடுங்கன்னு."