மலை ஏறாத எலிகளின் நுரையீரல்

பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்தத் தனியார் ஆய்வுக்கூடம் காரில் இருபது நிமிஷம். செத்த விலங்கின் உறுப்பை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பது என் வேலை.

அந்தச் சமயம் எலிகள். பாதியைக் காற்றழுத்தம் குறைந்த பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், உயர்ந்த மலையில் இருப்பதுபோல. மீதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே அறையில் சாதாரணக் கூண்டில். மெல்லிய காற்றில் வாரக்கணக்கில் கிடந்தால் நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்களுடைய சுவர் தடித்துப்போகும். அதைப் படத்தில் அளந்து, பெட்டி எலிகளில் சிலவற்றுக்குக் கொடுத்த புது மருந்து பலித்ததா என்று சொல்ல வேண்டும்.

அளந்து முடித்து, எது எந்த எலியின் தகடு என்று பிரித்துப் பார்த்தேன். பெட்டி எலிகளில் சுவர் தடித்திருந்தது, கூடவே அழற்சியும்; சரி, மெல்லிய காற்றின் வேலை. ஆனால் கூண்டு எலிகளிலும் அதே அழற்சி. மூச்சுக்குழாய்களைச் சுற்றிலும் நீலப் புள்ளிகளாக அழற்சி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. குழாய்க்குள் சளி. ஒன்றில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும். மலை ஏறாத எலிகளுக்கு ஏன் இந்த நுரையீரல்?

திட்டத்தின் தலைவரான டாக்டரிடம் காட்டினேன். திரையைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார்.

"இவ்ளோ ஸ்லைடு இருக்குல்ல? சுத்தமா தெரியுற எடமா பாத்து எடுங்க லா."

"சுத்தமான எடமே இல்ல டாக்டர்."

"தேடுங்க."

எனக்கு முகம் கொதித்தது. பதினோரு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துச் செய்கிற வேலை. எந்தத் தகடு எந்த எலியுடையது என்று தெரியாமல் அளக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் பாடம். இவர் பொய்யைப் பொறுக்கி எடுக்கச் சொல்கிறார். முடியாது என்றேன்.

மறுநாள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். விலங்கறையைக் கவனிக்கும் ஊழியர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், கூண்டைச் சரியாகக் கழுவவில்லையாம், மூத்திர வாடை எலிகளைக் கெடுத்ததாம். அவருக்கு ஒரு சுராட் அமாரான், எச்சரிக்கைக் கடிதம். திகாம் பத்துவிலிருந்து மோட்டாரில் வரும் மனிதர். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "நா கழுவலன்னு சொல்றாங்கம்மா. காத்தே வெளிய போகாத ரூம்ல எத்தன தடவ கழுவுறது?"

கைப்பேசியை நீட்டினார். அறைக் காற்றை வெளியே இழுக்கும் கிப்பாஸ், அந்த மின்விசிறி, ஓடவில்லை என்று டாக்டருக்கு ஏழு செய்திகள். படம், வீடியோ, எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் படித்ததற்கான நீலக் குறி. பதில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, உங்களுக்கு இருமல் இருக்கா?"

"அது இருக்கு, ரெண்டு மாசமா," என்றார், அதை யாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதவர்போல.

எலிகளின் நுரையீரலை மயிரிழை மயிரிழையாக அளந்தோம். அதே காற்றை மூச்சுவிட்ட மனிதனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வாரத் திட்டக் கூட்டத்துக்கு அண்ணனையும் அழைத்துப்போனேன். அங்கே பெட்டி எலியின் படத்தையும் கூண்டு எலியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "தடித்த சுவர் பெட்டி எலிக்கு மட்டும்தான். இந்த அழற்சி ரெண்டுக்கும் ஒரே மாதிரி. ரெண்டும் மூச்சுவிட்டது ஒரே அறைக் காத்து," என்றேன். அண்ணன் எழுந்து தன் செய்திகளைத் தேதியோடு வாசித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. ஆய்வுக்கூடத்தின் நிர்வாகி பெண்மணி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் செய்திகளைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

ஒரு வாரத்தில் புதிய கிப்பாஸ் மாட்டினார்கள். கடிதம் திரும்பப் பெறப்பட்டது, ஒரு வரி மின்னஞ்சலில். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அந்த எலிகள் அத்தனையும் வீணாகச் செத்தன. முதலிலிருந்து புது எலிகள். டாக்டர் அந்தத் திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார், "ஓய்வு கொடுக்கிறோம்" என்று.

அண்ணனைக் கிளினிக்குக்கு நானே அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சுக்குழாய் எரிச்சல், இன்ஹேலரில் மருந்து உறிஞ்சச் சொன்னார்கள். திரும்பும் வழியில் அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, சிடாம் கிரி பக்கம் தன் தம்பி ஒரு மாட்டுப்பண்ணைக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். "தொறந்த கொட்டாய்மா. நாளைக்கே ராஜினாமா குடுக்கப் போறேன்."

கொடுத்தார்.